ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ்: இனிமேல் தொடங்கலாமா, காலம் கடந்துவிட்டதா?

#1 நீலத்திரை

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஒரு டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறது. இன்டெல் கோர் ஐ5 10400, 16 ஜிபி ரேம், ஆர்எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. இப்போதைக்கு விண்டோஸ் ஓடுகிறது. லாஜிக் ப்ரோவில் கொஞ்சம் இசை வேலை, எக்ஸ்கோடில் சின்னதாக ஒரு ஐபோன் செயலி, இந்த இரண்டுக்காக ஒரு மேக் வாங்க மனம் வரவில்லை. இதிலேயே ஹாக்கின்டாஷ் (ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ்) போட்டுவிடலாமா என்று தேடினால் பாதிப் பேர் "அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்" என்று வீடியோ போட்டிருக்கிறார்கள், மீதிப் பேர் "அதெல்லாம் செத்துப்போச்சு" என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது? இது சட்டப்படி சரியா என்பதையும் யாராவது தெளிவாகச் சொன்னால் நல்லது.

#2 கெக்ஸ்ட்வாத்தியார்

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். உங்கள் வன்பொருளுக்கு இது ஓடும், நன்றாகவே ஓடும். 2020-இல் வந்த 27 அங்குல ஐமேக்கில் ஆப்பிளே இந்தப் பத்தாம் தலைமுறை இன்டெலைத்தான் போட்டது. ஆர்எக்ஸ் 580-ம் அப்படித்தான். 2017-இல் வெளிப்புற கிராஃபிக்ஸ் பெட்டியை டெவலப்பர்களுக்கு அறிமுகம் செய்தபோது ஆப்பிள் அதற்குள் வைத்துக் கொடுத்தது இதே கார்டு. அதனால் டிரைவர் எல்லாம் மேக்ஓஎஸ் உள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து எதையும் திணிக்க வேண்டியதில்லை.

வேலையில் இறங்கும் முன் இரண்டு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று, உங்களுடையது வெறும் 10400-ஆ அல்லது பின்னால் எஃப் இருக்கிறதா? எஃப் என்றால் உள்ளமை கிராஃபிக்ஸ் கிடையாது, அப்போது எந்த மேக் மாடலாக வேடம் போடுவது என்பதே மாறிவிடும். இன்னொன்று, கார்டின் பெட்டியில் 2048எஸ்பி என்று போட்டிருக்கிறதா? அது பெயரில்தான் 580, உள்ளே 570. மேக்ஓஎஸ் அதை அப்படியே அடையாளம் கண்டுகொள்ளாது, தனியாக ஏமாற்ற வேண்டியிருக்கும்.

இது எப்படி ஓடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீடியோக்களில் இதை யாரும் சொல்வதில்லை. பயாஸுக்கும் மேக்ஓஎஸ்ஸுக்கும் நடுவில் ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) உட்காருகிறது. "இது ஐமேக் 20,1" என்று மேக்ஓஎஸ்ஸிடம் சொல்வது அதுதான், வன்பொருள் விவரங்களை இயங்குதளத்துக்குச் சொல்லும் ஏசிபிஐ அட்டவணைகளில் மதர்போர்டு செய்திருக்கும் கோளாறுகளை எஸ்எஸ்டிடி கோப்புகளால் ஒட்டுப்போடுவதும் அதுதான், கெர்னல் ஏறும்போதே தேவையான கெக்ஸ்டுகளை (கெர்னலோடு சேரும் டிரைவர் போன்ற துணை நிரல்களை) நினைவகத்தில் சேர்த்துவிடுவதும் அதுதான். வட்டில் இருக்கும் மேக்ஓஎஸ்ஸின் ஒரு கோப்பைக்கூடத் தொடுவதில்லை. கமேலியன், க்ளோவர் என்ற பழைய பூட்லோடர்கள் காலத்தில், மேக்ஓஎஸ்ஸின் சொந்தக் கெக்ஸ்டுகள் இருக்கும் எஸ்/எல்/ஈ ஃபோல்டரில் கைவைத்துக் கைவைத்து ஒவ்வொரு அப்டேட்டிலும் உடைந்துகொண்டிருந்ததற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

அடிப்படைக் கெக்ஸ்டுகள் நான்கு: லைலு, வர்ச்சுவல்எஸ்எம்சி, வாட்எவர்கிரீன், ஆப்பிள்ஏஎல்சி. அப்புறம் உங்கள் நெட்வொர்க் சிப்புக்கு ஏற்ற ஒன்று. ஓப்பன்கோருக்கான டோர்டானியா இணைய வழிகாட்டியில் உங்கள் பத்தாம் தலைமுறைக்கான காமெட் லேக் பக்கத்தை முதலிலிருந்து கடைசி வரை படியுங்கள். யாரோ தயாராக வைத்திருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டரை (ஓப்பன்கோரும் அதன் அமைப்புகளும் இருப்பது) இறக்கி அப்படியே போடாதீர்கள். அரை மணி நேர வீடியோக்கள் எல்லாம் செய்வது அதைத்தான். இன்று பூட் ஆகும், நாளை ஏதாவது நின்றால் எந்த வரி எதற்காக இருக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது.

#3 கடைசிப்பேருந்து

வாத்தியார் எப்போதும் போல ஆசையைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டார். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

ஆப்பிள் இன்டெலை விட்டு விலகுவதாக அறிவித்தது 2020 ஜூனில். முதல் எம்1 மேக் அதே வருடம் நவம்பரில் வந்தது. 2023-இல் மேக் ப்ரோவும் மாறியதோடு இன்டெல் மேக் விற்பனையே முடிந்தது. 2025 ஜூனில் மேக்ஓஎஸ் டாஹோ 26-ஐ அறிவித்தபோதே இன்டெலுக்கு இதுதான் கடைசிப் பதிப்பு என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பதிப்பும் நான்கே நான்கு இன்டெல் மாடல்களில்தான் ஏறும்: 2019 மேக் ப்ரோ, 2019-இன் 16 அங்குல மேக்புக் ப்ரோ, 2020-இன் 27 அங்குல ஐமேக், 2020-இல் வந்த நான்கு தண்டர்போல்ட் போர்ட் உள்ள 13 அங்குல மேக்புக் ப்ரோ. அதற்குப் பிறகு சில வருடம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும்.

இதில் நீலத்திரை கேட்ட இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்கோடின் ஒவ்வொரு புதுப் பதிப்பும் ஓரளவு புதிய மேக்ஓஎஸ்ஸைக் கேட்கும், ஆப் ஸ்டோரோ பழைய எக்ஸ்கோடில் கட்டிய செயலியை ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது. அதாவது செயலி எழுதிப் பழகலாம், ஆனால் வருடக் கணக்கில் கடையில் வைத்துப் பராமரிக்க முடியாது. லாஜிக் ப்ரோவிலும் 2024-இல் வந்த 11-ஆம் பதிப்பின் ஸ்டெம் ஸ்ப்ளிட்டர், குரோமாகுளோ இரண்டும் ஆப்பிள் சிலிக்கனில் மட்டும்தான் வேலை செய்யும். உங்கள் ஐ5-இல் அந்தப் பட்டன் இருந்தும் பயனில்லை.

கை மாறிய ஒரு எம்1 மேக் மினி வாங்கிக்கொண்டு வேலையைப் பாருங்கள். இதற்குச் செலவிடும் இரவுகளுக்கு யாரும் கணக்குக் கொடுக்கப் போவதில்லை.

#4 நீலத்திரை

எஃப் இல்லை, வெறும் 10400தான். கார்டிலும் 2048 என்று எதுவும் இல்லை, இப்போதுதான் பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கடைசிப்பேருந்து சொன்ன எக்ஸ்கோட் விஷயம் புதிது. செயலியைக் கடையில் வைக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை, கற்றுக்கொள்ளத்தான். சட்டம் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே?

#5 உரிமத்தை_வாசித்தவன்

நான் திறக்கிறேன். மேக்ஓஎஸ் உரிம ஒப்பந்தத்தில் ஆப்பிள் முத்திரையுள்ள கணினியில் மட்டும்தான் நிறுவலாம் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். அதனால் ஹாக்கின்டாஷ் ஒப்பந்த மீறல், இதில் வளைத்துப் பேச ஒன்றுமில்லை. "2013-இல் மேவரிக்ஸ் வந்ததிலிருந்து இலவசம்தானே" என்று சிலர் கேட்பார்கள். காசு வாங்கவில்லை என்பதற்காக நிபந்தனை இல்லை என்று ஆகிவிடாது.

நீதிமன்றம் வரை போன வழக்கு சைஸ்டார். ஃப்ளோரிடாவைச் சேர்ந்த அந்தச் சின்ன நிறுவனம் 2008 ஏப்ரலில் லெப்பர்டு என்ற அப்போதைய மேக் பதிப்பைப் போட்ட சாதாரணக் கணினிகளை ‘ஓப்பன் கம்ப்யூட்டர்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது. "ஒவ்வொரு கணினிக்கும் ஒரு நகலைக் காசு கொடுத்துத்தான் வாங்குகிறோம், வாங்கிய பொருளை எங்கே வைத்தால் உங்களுக்கென்ன" என்பது அவர்கள் வாதம். ஆனால் உண்மையில் அவர்கள் செய்தது, மாற்றியமைத்த ஒரே மாஸ்டர் நகலை எல்லாக் கணினியிலும் பிரதி எடுத்து ஏற்றியது. வாங்கிய டிவிடி பெட்டிக்குள் சும்மா கிடந்தது. நீதிபதி வில்லியம் அல்சப் 2009 நவம்பரில் ஆப்பிள் பக்கம் தீர்ப்பு சொன்னார், டிசம்பரில் நிரந்தரத் தடை வந்தது. ஆப்பிள் தன் பதிப்புரிமையைத் தவறாகப் பயன்படுத்துகிறது என்று மேல்முறையீட்டில் சொல்லிப் பார்த்தார்கள், 2011-இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை.

கவனிக்க வேண்டியது: அது விற்பனை செய்தவர் மீதான வழக்கு. தன் மேசையில் தனக்காகப் போட்டுக்கொண்ட தனியாள் மீது ஆப்பிள் வழக்கு போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதற்காக அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை. விற்கிற எண்ணமோ, அலுவலகத்தில் வரிசையாகப் போடுகிற எண்ணமோ இருந்தால் மறந்துவிடுங்கள்.

#6 குறும்பன்கணினி

அப்படியென்றால் 2006-இல் பூட் கேம்ப்பை வெளியிட்டு "எங்கள் பெட்டியில் விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்று அழைத்தவர்கள் யார்? அவர்கள் வன்பொருளில் அடுத்தவன் மென்பொருள் வரலாம், அவர்கள் மென்பொருள் மட்டும் அடுத்தவன் வன்பொருளுக்குப் போகக் கூடாது. நல்ல நியாயம்!

#7 உரிமத்தை_வாசித்தவன்

இதில் முரண் எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட் விண்டோஸை யார் கணினிக்கும் விற்கிறது, அதுதான் அவர்கள் பிழைப்பு. ஆப்பிள் விற்பது பெட்டியை, மென்பொருள் அந்தப் பெட்டிக்கான தூண்டில். நியாயமா என்று கேட்டால் எனக்கும் பிடிக்கவில்லைதான். சட்டம் என்ன சொல்கிறது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

#8 பழையமேக்

ஆப்பிள் வேறு பெட்டிக்கும் அனுமதி கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போதுள்ள பலருக்குத் தெரிந்திருக்காது. 1995 வாக்கில் பவர் கம்ப்யூட்டிங், உமாக்ஸ், மோட்டரோலா எல்லாம் முறைப்படி உரிமம் வாங்கி மேக் குளோன்கள் செய்தன. ஆப்பிள் எதிர்பார்த்தது, விண்டோஸ் வாங்குகிறவர்களை இந்தக் குளோன்கள் இழுத்து வரும் என்று. நடந்தது, ஆப்பிளின் சொந்த வாடிக்கையாளர்களே குறைந்த விலை, கூடுதல் வேகம் என்று குளோன் பக்கம் போனது. 1997-இல் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று இதை மூடியது. பவர் கம்ப்யூட்டிங்கின் மேக் வணிகத்தை 10 கோடி டாலர் மதிப்புக்கு ஆப்பிளே வாங்கிக்கொண்டது. அந்தச் சூடு பட்டவர்கள் மறுபடி உரிமம் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கவே வேண்டாம்.

ஹாக்கின்டாஷ் பிறந்தது 2005-இல். இன்டெலுக்கு மாறுவதாக ஜூனில் அறிவித்து, பென்டியம் 4 போட்ட சோதனைப் பெட்டிகளை டெவலப்பர்களுக்குக் கொடுத்தார்கள். அதில் இருந்த டைகர் என்ற மேக் பதிப்பு வெளியே கசிந்தது, அசல் இன்டெல் மேக் 2006 ஜனவரியில் கடைக்கு வருவதற்கு முன்பே சாதாரணக் கணினிகளில் அது ஓடிக்கொண்டிருந்தது. கெர்னலின் பெரும்பகுதி டார்வின் என்ற பெயரில் திறந்த மூலமாக இருந்ததும் உதவியது. அதற்குப் பதிலடியாக ஆப்பிள் ஒரு கெக்ஸ்ட் சேர்த்தது, பெயரே ‘டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்’. ஃபைண்டர், டாக் போன்ற சில நிரல்கள் மறைகுறியாக்கப்பட்டிருக்கும், அதைத் திறக்கும் சாவி மேக்கின் எஸ்எம்சி சிப்பில் இருக்கும். அந்தச் சாவியே "எங்கள் கடின உழைப்பு இந்தச் சொற்களால் காக்கப்படுகிறது, தயவுசெய்து திருடாதீர்கள்" என்ற பொருளில் இடைவெளி இல்லாமல் எழுதிய ஒரு வாக்கியம். வர்ச்சுவல்எஸ்எம்சி என்று வாத்தியார் சொன்ன கெக்ஸ்ட் இந்தச் சிப் இருப்பதுபோல் நடிக்கிறது. பூட்டின் மேலேயே கெஞ்சல் எழுதி வைத்த நிறுவனத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

நெட்புக் காலம் நினைவிருக்கிறதா? இன்டெலின் ‘ஆட்டம்’ (Atom) என்ற குட்டி பிராசஸர் போட்ட மடிக்கணினியில் ஸ்னோ லெப்பர்டு அழகாக ஓடும். 2009 நவம்பரில் 10.6.2 அப்டேட் வந்தது, ‘ஆட்டம்’ பிராசஸர் ஆதரவைக் கழற்றிவிட்டார்கள், அவ்வளவு பேரும் நடுத்தெருவில் நின்றார்கள். ஆகவே "ஹாக்கின்டாஷ் செத்துவிட்டது" என்ற இரங்கல் செய்தி அப்போதிருந்தே வந்துகொண்டுதான் இருக்கிறது. இந்த முறை உண்மையாகவே இருக்கலாம், அது வேறு.

#9 ரைசன்மணி

என்னுடையது ஏஎம்டி. கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன், ரைசனிலும் ஓடும். ஆனால் ஆப்பிள் ஒருபோதும் ஏஎம்டி பிராசஸர் போட்டு மேக் விற்றதில்லை, அதனால் கெர்னலுக்கே ஒட்டுப்போட வேண்டும், அதில் கோர் எண்ணிக்கையை நீங்களே எழுத வேண்டும். ஓடியபிறகும் ஆப்பிளின் ஹைப்பர்வைசர் வேலை செய்யாது, அதை நம்பியிருக்கும் மெய்நிகர் கணினி, டாக்கர் எல்லாம் தகராறு. இன்டெல் நூலகங்களை எதிர்பார்க்கும் சில அடோபி மென்பொருள்கள் திடீரென்று மூடிக்கொள்ளும்.

கிராஃபிக்ஸ் பக்கம் கதை தலைகீழ். அங்கே ஏஎம்டிதான் ராஜா. என்விடியா வைத்திருப்பவர்கள் பாவம், மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு மேக்ஓஎஸ் ஹை சியராவோடு முடிந்தது, அடுத்த பதிப்பான மொஹாவியில் டிரைவரே வரவில்லை. அவற்றுக்கும் பழைய கெப்லர் கார்டுகள் மட்டும் பிக் சர் பதிப்பு வரை இழுத்துக்கொண்டு வந்தன, அடுத்த மான்டரேயில் அதுவும் போயிற்று. ஆர்டிஎக்ஸ் என்று பெயர் வைத்த எதற்கும் வாய்ப்பே இல்லை. ஏஎம்டியிலும் ஆர்எக்ஸ் 6600, 6800, 6900 வரைதான். 7000 வரிசை வந்தபோது ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்குப் போய்விட்டது. இன்டெல் உள்ளமை கிராஃபிக்ஸும் பத்தாம் தலைமுறையோடு சரி.

#10 நீலத்திரை

வாத்தியாரே, உட்கார்ந்துவிட்டேன். பென்டிரைவை ஃபேட்32 ஆக்கி, மேக்ரெக்கவரி ஸ்கிரிப்டை ஓட்டி ஆப்பிளின் சர்வரிலிருந்தே மேக்ஓஎஸ் செக்கோயாவின் ரெக்கவரியை இறக்கினேன். பயாஸில் செக்யூர் பூட், சிஎஸ்எம் இரண்டையும் அணைத்தேன், அபவ் 4ஜி டிகோடிங் போட்டேன். ஓப்பன்கோர் மெனு வருகிறது, தேர்வு செய்தால் எழுத்து ஓடி, கடைசியாக ‘லாக், எக்ஸிட்பிஎஸ், ஸ்டார்ட்’ என்று ஒரு வரியில் சிலையாக நின்றுவிடுகிறது. விசைப்பலகை விளக்குகூட மாறவில்லை.

#11 கெக்ஸ்ட்வாத்தியார்

நல்ல இடத்தில்தான் நிற்கிறீர்கள், எல்லோரும் ஒருமுறை அங்கே நின்றுவிட்டுத்தான் போவார்கள். அந்த வரி, ஆப்பிளின் பூட்லோடர் பயாஸின் சேவைகளுக்கு விடைகொடுத்துவிட்டுக் கெர்னலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்கும் இடம். அங்கே நின்றால் பெரும்பாலும் நினைவக வரைபடத்தில் குழப்பம். மதர்போர்டு தயாரிப்பாளர் விண்டோஸ் ஓடினால் போதும் என்று எழுதிய ஃபர்ம்வேரைச் சமாளிக்கத்தான் கான்ஃபிக் கோப்பில் பூட்டர் என்ற பகுதியே இருக்கிறது.

பத்தாம் தலைமுறைக்கு அங்கே இருக்க வேண்டியது: டிவர்ச்சுவலைஸ்எம்எம்ஐஓ ஆம், ரீபில்ட்ஆப்பிள்மெமரிமேப் ஆம், சிங்க்ரன்டைம்பர்மிஷன்ஸ் ஆம். எனேபிள்ரைட்அன்ப்ரொடெக்டர் இல்லை. மாதிரிக் கோப்பில் செட்அப்வர்ச்சுவல்மேப் ஆம் என்று இருக்கும், இந்தத் தலைமுறையில் பல போர்டுகளுக்கு அதை இல்லை என்று மாற்ற வேண்டும். முதலில் அதை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

அப்புறம் பயாஸில் சிஎஃப்ஜி லாக் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அணையுங்கள். இல்லையென்றால் ஆப்பிள்எக்ஸ்சிபிஎம்சிஎஃப்ஜிலாக் என்ற குவிர்க்கை (கோளாறைச் சமாளிக்கும் ஓப்பன்கோர் அமைப்பை) ஆம் ஆக்குங்கள். செயலியின் மின்சார மேலாண்மைப் பதிவேடு ஒன்றைப் பயாஸ் பூட்டி வைத்திருக்கும், மேக்ஓஎஸ் அதில் எழுதப் போய் முட்டிக்கொள்ளும். மாற்றம் எது செய்தாலும் பூட் மெனுவில் என்விரேமை (பூட் அமைப்புகள் சேமிக்கப்படும் நினைவகத்தை) ரீசெட் செய்துவிட்டு முயலுங்கள்.

#12 நீலத்திரை

செட்அப்வர்ச்சுவல்மேப்தான்! அதை மாற்றியதும் ஆப்பிள் சின்னம் வந்து கோடு நகர ஆரம்பித்தது. ரெக்கவரிக்குள் போனதும் டிஸ்க் யுடிலிட்டியில் எஸ்எஸ்டி முழுதாகத் தெரியவில்லை, ‘எல்லாச் சாதனங்களையும் காட்டு’ என்று மாற்றிய பிறகுதான் தெரிந்தது. அதை ஏபிஎஃப்எஸ், ஜியுஐடி என்று அழித்து நிறுவல் ஓடுகிறது. விண்டோஸ் வேறு வட்டில் இருக்கிறது, அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அடுத்த கேள்வி. ஐகிளவுட், ஐமெசேஜ் எல்லாம் வருமா? வரிசை எண் எங்கிருந்து எடுப்பது?

#13 கெக்ஸ்ட்வாத்தியார்

ஜென்எஸ்எம்பயாஸ் என்ற ஸ்கிரிப்ட் ஐமேக் 20,1-க்குப் பொருந்தும் வரிசை எண், போர்டு எண், யுயுஐடி மூன்றையும் உருவாக்கித் தரும். வரிசை எண்ணை ஆப்பிளின் உத்தரவாதப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று இல்லை என்று வந்தால்தான் வைத்துக்கொள்ள வேண்டும். உண்மையான ஐமேக் ஒன்றின் விவரம் வந்தால் உடனே தூக்கிப் போடுங்கள், அது எங்கோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய கணினியின் எண். ரோம் (ROM) என்ற இடத்தில் உங்கள் நெட்வொர்க் கார்டின் எம்ஏசி (MAC) முகவரி. அந்தக் கார்டு மேக்ஓஎஸ்ஸில் ‘என்0’ என்று, உள்ளமைந்த ஒன்றாகத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் ஐமெசேஜ் அடம்பிடிக்கும். எல்லாம் சரியாகும் வரை ஆப்பிள் கணக்கில் நுழையாதீர்கள். பழைய, முக்கியமான கணக்கைப் போட்டுச் சோதிக்கவும் வேண்டாம்.

#14 கடைசிப்பேருந்து

இதைத்தான் சொன்னேன். இல்லாத கணினிக்கு வரிசை எண் தயாரித்து, அது நிஜமாகவே இல்லை என்று தயாரிப்பாளரிடமே கேட்டு உறுதி செய்துகொள்கிறீர்கள். இதற்கு மேல் ஒரு கோமாளித்தனம் உண்டா?

#15 குறும்பன்கணினி

வேடிக்கையாகத்தான் இருக்கிறது, அதற்காக நிறுத்த முடியுமா :)

வேறு ஒரு சந்தேகம். இவ்வளவு சிரமப்படாமல் மெய்நிகர் கணினியில் போட்டால் என்ன? எந்தப் பிராசஸர் இருந்தாலும் பிரச்சினை இல்லையே.

#16 கருவுக்குள்_கரு

போடலாம், எக்ஸ்கோடில் பழக அதுவே போதும். லினக்ஸில் கியூஇஎம்யு, கேவிஎம் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள்களை வைத்தால் வேகமும் பரவாயில்லை. ஆனால் கிராஃபிக்ஸ் முடுக்கம் இருக்காது, மெட்டல் (ஆப்பிளின் கிராஃபிக்ஸ் இடைமுகம்) இல்லாமல் சன்னல் நகர்வதே இழுக்கும், லாஜிக் போன்றவற்றை நினைக்கவே வேண்டாம். கார்டை அப்படியே உள்ளே கடத்திவிட்டால் நன்றாக ஓடும். அதற்குக் காட்டுவதற்கென்று இன்னொரு கார்டு, கார்டைத் தனியாக ஒதுக்க ஐஓஎம்எம்யு குழுக்கள் சரியாகப் பிரிந்த போர்டு எல்லாம் வேண்டும், அந்தச் சிரமத்துக்கு நேரடியாகவே போட்டுவிடலாம்.

சட்டம் கேட்டவருக்கு: மெய்நிகராக ஓட்டினாலும் அடியில் இருப்பது ஆப்பிள் கணினியாக இருக்க வேண்டும் என்றுதான் ஒப்பந்தம் சொல்கிறது, அதுவும் கூடுதலாக இரண்டு நகல் வரைதான். அமேசான் 2020 இறுதியில் மேக் வாடகைக்கு விட ஆரம்பித்தபோது தரவு மையத்தில் நிஜ மேக் மினிகளைத்தான் அடுக்கியது. குறைந்தது 24 மணி நேரம் எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் ஆப்பிளின் ஒப்பந்தத்திலிருந்து வந்ததுதான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை.

#17 ரைசன்மணி

ஆர்ம் பிராசஸர் போட்ட விண்டோஸ் மடிக்கணினிகள் வருகின்றனவே, அதில் ஆர்ம் மேக்ஓஎஸ்ஸை ஏற்றி ஹாக்கின்டாஷுக்கு இரண்டாம் பிறவி கொடுக்க முடியாதா? இன்டெலில் செய்ததுதானே.

#18 கருவுக்குள்_கரு

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் மேக் என்பது உண்மையில் ஒரு சாதாரணக் கணினிதான். அதே யுஇஎஃப்ஐ குடும்பம், அதே ஏசிபிஐ, அதே இன்டெல் சிப்செட், அதே ஏஎம்டி கார்டு. வேற்றுமை ஒரு எஸ்எம்சி, ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். அதனால்தான் நடிக்க முடிந்தது.

ஆப்பிள் சிலிக்கனில் ஆணைத்தொகுப்பு மட்டும்தான் பொது. யுஇஎஃப்ஐ இல்லை, ஐபோனிலிருந்து வந்த ஐபூட். குறுக்கீடுகளைக் கையாளும் சிப் ஆப்பிளின் சொந்தத் தயாரிப்பு, மற்றவர்கள் பயன்படுத்தும் ஜிஐசி இல்லை. கெர்னல் 16 கேபி நினைவகப் பக்கங்களை எதிர்பார்க்கிறது. கிராஃபிக்ஸ் முழுக்க முழுக்க ஆப்பிளுடையது, வேறு எந்தக் கார்டுக்கும் ஆர்ம் மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் கிடையாது. டிரைவர் இல்லாத கார்டுக்கு எந்தக் கெக்ஸ்ட் வந்து என்ன செய்யும்? செக்யூர் என்கிளேவ் என்ற ஆப்பிளின் பாதுகாப்புப் பகுதி வேறு பக்கத்தில் நிற்கிறது. அசாஹி லினக்ஸ் குழு எதிர்த்திசையில், அதாவது ஆப்பிள் சிலிக்கனில் லினக்ஸ் ஓட வைக்க, ஒவ்வொரு பாகத்தையும் தலைகீழாகப் பிரித்துப் படித்து வருடக் கணக்கில் டிரைவர் எழுதியது. அங்கே அவர்கள் கையில் லினக்ஸின் மூலநிரல் முழுதாக இருந்தது. இங்கே மேக்ஓஎஸ்ஸின் டிரைவர் பகுதி மூடிய பெட்டி.

#19 பழையமேக்

இதோடு விவாதமே முடிந்தது என்று சொல்லலாம். கதவு சாத்தப்படுவது வேடம் கலைந்ததால் இல்லை, வேடம் போட ஆளே இல்லாததால்.

#20 நீலத்திரை

நிறுவி முடித்துக் கொஞ்ச நாள் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். லாஜிக் அருமையாக ஓடுகிறது. ஒலிக்கு லேஅவுட் எண் மாற்றி மாற்றி, முன்பக்க ஹெட்ஃபோன் துளையும் வேலை செய்யும் எண்ணைப் பிடித்தேன். இன்டெல் வைஃபைக்கு ஐடிஎல்டபிள்யுஎம் போட்டு இணையம் வருகிறது, ஏர்டிராப் இல்லை. இரண்டு தொல்லை பாக்கி. உறங்க வைத்தால் உடனே விழித்துக்கொள்கிறது. விண்டோஸ் வட்டை மறுபடி மாட்டிய பிறகு, அதற்குள் போனால் கடிகாரம் பல மணி நேரம் தள்ளி நிற்கிறது.

ஏர்டிராப்புக்காகப் பிராட்காம் கார்டு வாங்கலாமா?

#21 கெக்ஸ்ட்வாத்தியார்

வாங்காதீர்கள். 2023-இல் வந்த சோனோமா பதிப்பிலேயே பழைய பிராட்காம் வைஃபை டிரைவர்களை நீக்கிவிட்டார்கள். செக்கோயாவில் அதை ஓட வைக்க ஓப்பன்கோர் லெகசி பேட்சரால் சிஸ்டம் வால்யூமையே மாற்ற வேண்டும், எஸ்ஐபி என்ற சிஸ்டம் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டும், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் மறுபடி செய்ய வேண்டும். இவ்வளவு சுத்தமாக வந்த கணினியைக் கெடுக்காதீர்கள்.

உறக்கம்: யுஎஸ்பி வரைபடம் போட்டீர்களா? நீங்கள் சொல்லவே இல்லை, அப்படியென்றால் போடவில்லை. ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட் என்று மேக்ஓஎஸ் எல்லை வைத்திருக்கிறது. நீலத் துளை ஒன்று இரண்டாகக் கணக்காகும், யுஎஸ்பி 2-க்கு ஒன்று, 3-க்கு ஒன்று. உங்கள் சிப்செட்டில் கணக்குப் பார்த்தால் எளிதாக 15-ஐத் தாண்டும். எல்லையைத் தூக்கும் குவிர்க் மேக்ஓஎஸ் 11.3-க்குப் பிறகு வேலை செய்வதில்லை, அதை நம்ப வேண்டாம். விண்டோஸில் யுஎஸ்பிடூல்பாக்ஸ் என்ற கருவியைத் திறந்து, ஒரு பழைய யுஎஸ்பி 2 பென்டிரைவ், ஒரு யுஎஸ்பி 3 பென்டிரைவ், இரண்டையும் ஒவ்வொரு துளையிலும் மாறி மாறிச் சொருகுங்கள். எது எந்தப் பெயரில் வருகிறது என்று காட்டும். பயன்படுத்தாததை எல்லாம் நீக்குங்கள். முக்கியமாக, புளூடூத் போர்டுக்குள்ளேயே ஒரு யுஎஸ்பி போர்ட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கும், அதன் வகையை 255, அதாவது உள்ளமைந்தது என்று குறியுங்கள். உடனே விழிப்பதற்குப் பாதி நேரம் காரணம் அதுதான். பிறகும் விழித்தால் டெர்மினலில் பிஎம்செட் பதிவைப் பார்த்து, விழித்த காரணம் என்று வரும் வரியை இங்கே போடுங்கள்.

கடிகாரம்: மேக்ஓஎஸ் வன்பொருள் கடிகாரத்தில் யுடிசி எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நினைக்கும். விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் கீழே ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ என்று ஒரு மதிப்பைச் சேர்த்து 1 என்று வையுங்கள், சரியாகிவிடும். இன்னொன்று, விண்டோஸை ஓப்பன்கோர் மெனு வழியாகத் திறக்காதீர்கள். அந்த வழியில் போனால் விண்டோஸும் தான் ஒரு ஐமேக்கில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும், சில மென்பொருள்களின் ஆக்டிவேஷன் போய்விடும். பயாஸின் பூட் மெனுவில் நேராக அந்த வட்டைத் தேர்ந்தெடுங்கள்.

டாஹோ அப்டேட் வந்திருக்கிறது என்று சிவப்புப் புள்ளி காட்டும், இப்போதைக்குத் தொடாதீர்கள். ஓப்பன்கோரையும் கெக்ஸ்டுகளையும் புதுப்பித்து, தனிப் பென்டிரைவில் போட்டு, அதிலிருந்து பூட் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் எந்த அப்டேட்டும்.

#22 நீலத்திரை

கடிகாரம் சரியாகிவிட்டது. புளூடூத் 14-ஆம் போர்ட்டில் இருந்தது, 255 போட்டதும் உறங்குகிறது. மேசையில் மவுஸ் அசைந்தால் மட்டும் எழுகிறது, அது எனக்குப் பரவாயில்லை. இப்போதைய இஎஃப்ஐ ஃபோல்டரைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டேன்.

#23 கடைசிப்பேருந்து

சரி, உறங்கட்டும். எக்ஸ்கோட் புதுப் பதிப்பு கேட்கும்போது வந்து சொல்லுங்கள், மேக் மினியில் எது வாங்கலாம் என்று தனி இழை ஆரம்பிப்போம்.